கெலெபி எழுதாத சமையல் புத்தகம்

ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது டாலர். கெலெபி தன் அக்கா புருஷன் ஃபெலெட்டிக்குத் தர வேண்டிய பாக்கி அது. ஏழு வருஷமாக நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தத் தொகையை இரண்டு வீட்டிலும் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொல்லக் கூடியதும் இல்லை. தொங்காத் தீவுக்காரன் அக்காவுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன். அக்கா வீட்டுக் கூரை ஒழுகினால் ஏறி அடைக்க வேண்டியவன். அந்த வீட்டிலேயே போய்க் கை நீட்டினான் என்று தெரிந்தால் மவுண்ட் ட்ரூயிட்டில் தெருவுக்குத் தெரு சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு வேறு வழி இல்லை. பத்தொன்பது வயதில் கெலெபிக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். முறை வரும் வரைக்கும் காத்திருந்தால் அவனுடைய ரக்பி அத்தோடு சரி. ஃபெலெட்டி தன் யூட் வண்டியை விற்றுப் பணத்தைத் தனியார் டாக்டரிடம் கட்டினான்.

பின்பக்கம் திறந்த வண்டி அது. கலவை இயந்திரத்தை ஏற்றிக் கட்டிக்கொண்டு போய், வீடுகளுக்கு முன்னால் கான்கிரீட் பாதை போட்டுக் கொடுத்துச் சொந்தமாகப் பிழைத்தான். வண்டி போனதும் தொழிலும் போனது. அதற்குப் பிறகு அடுத்தவன் விசில் அடித்தால் ஓடுகிற கூலிதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சிமெண்ட் வெடித்த விரல்களை மடக்க முடியாது.

கெலெபிக்கு முழங்கால் சேர்ந்தது. பெரிய ஆட்டக்காரன் ஆனான். பேருந்துகளின் முதுகில் அவன் படம் ஊர்வலம் போனது. பணம் வந்தது, வந்த கையோடு போனது. அம்மாவுக்கு வீடு, சபைக்குக் காணிக்கை, யார் செத்தாலும் பன்றி, யார் கல்யாணம் செய்தாலும் பாய். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தான். கேட்காத ஒரே ஆள் ஃபெலெட்டி.

ஒரு தடவை முயற்சி செய்தான். கிளப்புக்கு விளம்பரம் தருகிறவர்கள் புதுக் கார் கொடுத்த சமயம், தன் பழைய வெள்ளி நிற யூட்டின் சாவியை அக்கா வீட்டு மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். ஃபெலெட்டி அதைப் பார்த்தான். "மாப்ள சாவிய மறந்துட்டுப் போயிட்டான்" என்று அன்றைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். எதற்கு வைத்தான் என்று அவனுக்கும் தெரியும். எதற்குத் திருப்பினான் என்று இவனுக்கும் தெரியும். வண்டி அம்மா வீட்டுக் கொட்டகையில் தூசி பிடித்து நின்றது.

அப்புறம்தான் சமையல் புத்தகம் வந்தது.

இறுதி ஆட்டத்தில் கெலெபி பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்து ஜெயித்துக் கொடுத்தான். மைதானத்திலேயே மைக்கை நீட்டி, இந்தப் பலத்தின் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, "லூ" என்றான். சேம்பு இலையில் கறியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டி, குழியடுப்பில் அவிக்கிற பொட்டலம். அடுத்த வாரமே ஒரு பதிப்பகம் போன் செய்தது. இரண்டு தவணையில் பணம். முதல் தவணை கையெழுத்துப் போட்டதும், இரண்டாவது புத்தகம் வெளியானதும்.

கெலெபிக்குச் சோளப்பொரியில் பால் ஊற்றத் தெரியும். அதற்கு மேல் அடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்களில் குழியடுப்பு ஆண்பிள்ளை வேலை. ஞாயிறு விடிகாலையில் வீட்டு ஆண்கள் கல்லைச் சுட வைக்க வேண்டும். இவனைப் பயிற்சி, பயிற்சி என்று பதினான்கு வயதிலேயே விலக்கிவிட்டார்கள். அதைச் சொன்னால் பதிப்பகத்தில் யார் கேட்டார்கள்? படம் பிடிக்கிற அன்று அவன் கையில் ஒரு அகப்பையைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். ஆவி பறக்க வேண்டும் என்று ஈரப் பஞ்சை மைக்ரோவேவில் சுட வைத்துத் தட்டுக்குப் பின்னால் ஒளித்தார்கள். இலை மடிக்கிற படத்தில் கெலெபியின் கை சரிப்படவில்லை. ஃபெலெட்டியின் கையைக் கழுவித் தேய்த்து அதை எடுத்துக்கொண்டார்கள். முகம் அவனுடையது, விரல் இவனுடையது.

"வெடிச்ச விரல்தான் மச்சான் நம்பும்படியா இருக்காம்" என்றான் கெலெபி.

"அந்த விரலுக்குத் தனிச் சம்பளம் உண்டான்னு கேட்டியா?"

கெலெபி சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்தான். அக்கா சேலா உள்ளே இருந்தாள். அக்கா காதில் விழும் இடத்தில் இந்தப் பேச்சு ஆகாது. குரலைத் தாழ்த்தினான்.

"புஸ்தகம் வெளியானதும் ரெண்டாவது தவணை வரும் மச்சான். வந்ததும் மொத வேலையா உங்களோட... அது."

"எது?"

"அதுதான் மச்சான்."

"சரி, அது" என்றான் ஃபெலெட்டி. அன்று ராத்திரி படுத்தவன் தூங்கவே இல்லை. மறுநாளே பழைய யூட் ஒன்றைப் பக்கத்துப் பேட்டையில் விலை பேசி வைத்தான். வெளியீட்டுக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் ஒரு கிரேக்கருடைய நான்கு வாடகை வீடுகளுக்குப் பாதை போடுகிற வேலையையும் பிடித்துவிட்டான். வண்டி இல்லாமலே பிடித்தான். அவ்வளவு நம்பிக்கை.

வெளியீடு சனிக்கிழமை, சபை வளாகத்தில். ஆறு மணிக்கே ஃபெலெட்டி குழியில் தீ மூட்டிக் கற்களைச் சுட வைத்தான். ஜனம் வரத் தொடங்கியது. பாடகர் குழு வெள்ளை உடையில், இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு வந்தது. காலை நிகழ்ச்சியை நேரலையில் காட்ட டிவிக்காரர்கள் பெரிய வண்டியில் குடையும் கம்பியுமாக வந்து இறங்கினார்கள். மரத்தடி மேசையில் புத்தகங்கள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் கெலெபி அகப்பையோடு சிரித்தான். பத்து மணிக்கு ஃபெலெட்டி லூப் பொட்டலங்களைக் கல்லின்மேல் அடுக்கி, வாழையிலை, ஈரச் சாக்கு, தார்ப்பாய் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினான். கடைசி மண்வெட்டி மண்ணை மட்டும் கெலெபி தள்ளினான். அதைத்தான் காமிரா எடுத்தது.

பதிப்பகத்து ஃப்ரெயா ஓடி வந்தாள். புத்தகத்தைச் சேர்த்து எழுதியதே அவள்தான். நல்ல பெண். எப்போது பார்த்தாலும் கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி தொங்கும்.

"பிரமாதம் ஃபெலெட்டி. பதினோரு மணிக்கு நேரலை. கெலெபி திறப்பார், துணை மேயர் மொத வாய் சாப்பிடுவாங்க. சரியா ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்."

"எதுக்கு ஒரு மணி நேரம்?"

"வேகுறதுக்கு."

"யாரு சொன்னா?"

ஃப்ரெயா சிரித்தாள். "நீங்கதான் சொன்னீங்க. போன வருஷம் உங்க வீட்டுப் பின்னாடி. எவ்வளவு நேரம் வேகணும்னு கேட்டேன். ஒரு ஆராதனை நேரம்னீங்க. கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி மூடுவோம், வந்து திறப்போம்னு."

"ஆமா."

"ஒரு ஆராதனை, ஒரு மணி நேரம்."

"எந்த ஊர்ல?"

"எங்க அம்மா போற கோயில்ல" என்றாள் ஃப்ரெயா. "கிறிஸ்மஸ்னா கொஞ்சம் கூட ஆகும்."

ஃபெலெட்டி திரும்பி, மூடிய குழியைப் பார்த்தான். தொங்கா ஆராதனை மூன்று மணி நேரம். பாடகர் குழுவுக்குப் போட்டி வந்த வாரமாக இருந்தால் அதற்கும் மேலே. அவனும் அதைத்தான் சொன்னான். அவளும் அதைத்தான் எழுதினாள். பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை.

"நீங்க சமைச்சுப் பாக்கலையா?"

"பாத்தோமே. சேம்பு இலை கிடைக்கல, பசலைக்கீரையில செஞ்சோம். ஒரு மணி நேரத்துல நல்லா வெந்துச்சு. ஏன், என்ன ஆகும்?"

"சேம்பு இலை சரியா வேகலன்னா தொண்டை அரிக்கும்" என்றான். "ஊசியால குத்துற மாதிரி. துணை மேயர் டிவியில கழுத்தப் புடிச்சுக்கிட்டு இருமுவாங்க. ஊரு முழுக்கப் பாக்கும்."

ஃப்ரெயா இரண்டு கண்ணாடியையும் கழற்றினாள். எட்டாயிரம் பிரதி, என்றாள் மெதுவாக. புத்தகத்தைத் திரும்பப் பெற நேர்ந்தால் ஒப்பந்தப்படி முதல் தவணையையும் கெலெபி திருப்பித் தர வேண்டும் என்றாள். முதல் தவணை சபை மண்டபத்துக் கூரையாக ஏற்கெனவே தலைக்கு மேலே நின்றது. இரண்டாவது தவணை வரவே வராது. ஃபெலெட்டிக்கு அந்தப் பழைய யூட் கண்ணெதிரே பின்னோக்கி உருண்டு போவதுபோல் இருந்தது.

கெலெபியைச் சமையல்கட்டுச் சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். விஷயம் கேட்டதும் நூற்றுப் பத்து கிலோ ஆள் வியர்த்துவிட்டான்.

"கடிச்ச மாதிரி நடிக்கலாம் மச்சான்."

"உனக்கு நடிக்க வரும். முந்நூறு பேரு நடிப்பாங்களா?"

"கோழி வறுவல் வாங்கி உள்ள வச்சுட்டா?"

"மாப்ள, குழிக்குள்ள காகிதப் பெட்டியோட வைப்பியா? உனக்குப் புஸ்தகம் போட்டவங்களச் சொல்லணும்."

"நீங்க மூணு மணி நேரம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"வாழ்க்கையில கடிகாரம் பாத்தா திறந்திருக்கேன்? போதகர் ஆமென் சொன்னா திறப்பேன். எங்கப்பனும் அப்படித்தான் திறந்தான்."

சுவரின் அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. சேலா நின்றாள். கெலெபி உடனே தலையைக் குனிந்து ஓரமாக நகர்ந்தான். அக்கா எதிரே அவன் எப்போதும் அப்படித்தான். மைதானத்தில் ஆறு பேரை இடித்துத் தள்ளுகிறவன் அவள் முன்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். அவள் தம்பியைப் பார்க்காமல் புருஷனிடம் பேசினாள்.

"ஆராதனை முடிஞ்சதும் திறக்கணும்னுதான சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப ஆராதனை நடக்கட்டும்."

அவ்வளவுதான். போய்விட்டாள். நேராகப் போதகர் ஹெயமாசியிடம் போனாள். போதகருக்கு ஆயுசில் இப்படி ஒரு கோரிக்கை வந்ததில்லை. ஞாயிறுதோறும் அவர் மனைவி முன்வரிசையில் இருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாள். இன்றைக்கு, இழுங்கள் என்கிறார்கள். அதுவும் டிவியில்.

"எவ்வளவு இழுக்கணும் சேலா?"

"இலை வேகுற வரைக்கும் போதகரய்யா."

பதினொன்று அடித்தது. விளக்குகள் எரிந்தன. டிவித் தொகுப்பாளர் பளபளவென்று மைக்கோடு குழி ஓரத்துக்கு வந்தார். கெலெபியின் கையில் மண்வெட்டி. துணை மேயர் கையில் முள்கரண்டி.

"கெலெபி, அந்த நிமிஷம் வந்தாச்சு. திறக்கலாமா?"

"முதல்ல ஜெபம்" என்றான் கெலெபி.

போதகர் கண்ணை மூடினார். ராஜாவில் தொடங்கி, கடலில் போகிறவர், சாலையில் போகிறவர், முழங்கால் அறுந்தவர், கான்கிரீட் இழுப்பவர் என்று ஒருவரை விடவில்லை. தொகுப்பாளர் காதில் யாரோ பேசப் பேச, அவர் மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்தார். ஆமென் வந்ததும் கெலெபி பக்கம் பாய்ந்தார். அதற்குள் பாடகர் குழு எழுந்தது. ஆண்களின் அடிக்குரல் புல்வெளியின் அடியிலிருந்து வந்ததுபோல் கிளம்பி நெஞ்சுக்கூட்டில் மோதியது. காமிராக்காரன் கையே ஒரு கணம் தாழ்ந்தது. டிவி நிலையத்தில் இருந்தவர்களுக்கும் அது பிடித்துப்போனது போலும், வெட்டவில்லை. இரண்டாவது பாட்டும் போனது.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் தொகுப்பாளர் புகுந்துவிட்டார். கெட்டிக்காரர். புத்தகத்தை விரித்துக் கையில் வைத்திருந்தார்.

"கெலெபி, உங்க புத்தகத்துல ஒரு மணி நேரம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நேரம் தாண்டியாச்சே. ஏன் திறக்க மாட்டேங்கிறீங்க?"

கெலெபி வாயைத் திறந்தான். ஒரு பொய் தயாராக இருந்தது. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. அப்போது பார்வை கூட்டத்துக்குப் போனது. முன்வரிசையில் சேலா உட்கார்ந்திருந்தாள். அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போது பொய் வருமா? வாய் மூடியது. மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"அந்தப் புஸ்தகத்த நான் எழுதலைங்க."

ஃப்ரெயா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது. படத்துல இருக்கற கை என்னோடது இல்ல. கை அவரோடது" என்று விரலை நீட்டினான். "என் அக்கா புருஷன். சமையல் அவருது. இன்னொண்ணும் சொல்லணும். நான் இன்னைக்கு ஓடுற இந்தக் காலும் அவர் குடுத்தது. வண்டிய வித்துக் குடுத்தாரு. இதுவரைக்கும் நான் திருப்பிக் குடுக்கல."

குழியின் ஓரத்தில் ஆவி மட்டும் கசிந்தது.

ஏழு வருஷமாக மூடி வைத்தது நாடு முழுக்கப் போய்விட்டது. ஃபெலெட்டிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அதற்குள் பாடகர் குழுவின் பின்வரிசையில் ஒரு கிழவர், "முட்டைகூடவா வராது?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. துணை மேயர் முள்கரண்டியோடு குனிந்து குனிந்து சிரித்தார். தொகுப்பாளர் கண்ணில் மின்னல். எந்தக் காலையிலும் கிடைக்காத சரக்கு கிடைத்துவிட்டது. ஒரே தாவில் ஃபெலெட்டியின் தாடைக்கு அடியில் மைக்கை வைத்தார்.

"ஐயா, எப்பதான் வேகும்?"

"தொங்கா ஆராதனை ஒண்ணு" என்றான் ஃபெலெட்டி. "உங்க ஆராதனை பத்தாது. உங்களோடதுல திறந்தா தொண்டை அரிக்கும்."

"நாங்க காத்திருக்கோம்" என்றார் தொகுப்பாளர் காமிராவைப் பார்த்து. "ஒரு மணி வரைக்கும் நிகழ்ச்சி இருக்கு. நீங்களும் எங்கயும் போயிடாதீங்க."

ஃப்ரெயாவின் போன் அடித்தது. அவள் வாசல் கம்பிக்கதவு வரை நடந்து போனாள். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஃபெலெட்டியின் காதில் ஒரு வசனமும் ஏறவில்லை. கண் எல்லாம் கதவருகே. அவள் ஒரு கையால் நெற்றியைப் பிடித்தாள். நடந்தாள். நின்றாள். தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது நடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"முதலாளியம்மா நல்லாத் திட்டினாங்க" என்றாள். "திட்டிக்கிட்டே சிரிச்சுட்டாங்க. கடைக்காரங்க போன் மேல போனாம். திரும்ப வாங்க வேணாம், ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு சீட்டு ஒட்டிடலாம்னாங்க. வேகும் நேரம், தொங்கா ஆராதனை ஒன்று, அதாவது மூணு மணி நேரம்னு. அடுத்த பதிப்புல உங்க பேரும் வரும்."

"அட்டையிலயா?"

"பேசிப் பாக்கறேன்."

"முகம் அவனோடதே இருக்கட்டும். அதுக்குத்தான் விலை" என்றான் ஃபெலெட்டி.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போதகர் கடைசி ஆமென் சொன்னார். ஃபெலெட்டி மண்ணை வழித்தான். தார்ப்பாய், சாக்கு, கருகிய வாழையிலை. ஆவி கும்மென்று எழுந்து தொகுப்பாளரின் தலைமுடியைப் படிய வைத்தது. பஞ்சு எதுவும் தேவைப்படவில்லை. முதல் பொட்டலத்தை ஃபெலெட்டியே பிரித்து, இலையைக் கிள்ளி வாயில் போட்டான். முந்நூறு பேரும் அவன் தொண்டையையே பார்த்தார்கள். விழுங்கினான். காத்திருந்தான். இலை வெண்ணெயாகக் கரைந்து இறங்கியிருந்தது.

"துணை மேயரம்மா, இப்பச் சாப்பிடுங்க" என்றான்.

சாப்பாட்டுக்கு நடுவே மேளம் கேட்டது. சேலா எழுந்தாள். கைகளில் தேங்காயெண்ணெய் மின்ன, விரல்களை விரித்து மடக்கி மெல்ல ஆடத் தொடங்கினாள். கூட்டம் ஐந்தும் பத்துமாக நோட்டுகளைக் கொண்டுபோய் அவள் எண்ணெய்த் தோளில் ஒட்டியது. ஆடுகிறவர் உடம்பில் ஒட்டியதைத் திருப்பித் தரக் கூடாது. தந்தால் ஒட்டியவருக்கு அவமானம். ஃபெலெட்டியைப் பிடித்துத் தள்ளினார்கள். சிமெண்ட் மூட்டை மாதிரி நிற்கிறானே என்று யாரோ கத்த, அவனும் அவள் பக்கத்தில் கோமாளியாகக் குதித்தான். கழுத்தில் வியர்வை, முகத்தில் தேங்காய்ப்பால்.

கெலெபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் நோட்டு இல்லை. அம்மாவின் சாவிக்கொத்திலிருந்து கழற்றிய வெள்ளி யூட்டின் சாவி. எண்ணெயும் பாலும் வழிந்த ஃபெலெட்டியின் நெற்றியில் வைத்து அழுத்தினான். சாவி வழுக்கிக்கொண்டு மூக்குக்கு வந்தது. மறுபடி எடுத்து அழுத்தினான்.

"இப்ப மறந்துட்டேன்னு சொல்லுங்க பாப்போம் மச்சான்."

ஃபெலெட்டி ஆட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவான் போலிருந்தது. சாவியை நெற்றியோடு கையால் பிடித்துக்கொண்டான்.

"டீசல் இருக்கா மாப்ள?"

"அரை டேங்க்."

சேலா விரல்களை மடக்கியபடியே, இருவர் முகத்தையும் பார்க்காமல், மேளத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னாள். "ஆறாயிரத்து முந்நூத்தி அம்பது. தீந்துது. ஆடுங்க ரெண்டு பேரும்."